சர்வீஸில் இருக்கும்போதே

அன்றைக்கு உன் வீட்டில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான் அண்ணா. நீ. லூர்து அண்ணி. உன் மகன் ஜெயராஜ். அவன் பெண்டாட்டி ஸ்டெல்லா, அவள் மடியில் காலையில்தான் ஞானஸ்நானம் வாங்கிய கைப்பிள்ளை. ஸ்டெல்லாவின் அப்பா பீட்டர் சம்பந்தி. நான். என் வீட்டுக்காரர். விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் அந்தச் சின்னக் கூடத்தில் வேறு ஒரு ஆள் இல்லை. பின்னால் யாராவது வந்து நானும் இருந்தேன் என்று சொன்னால் நம்பாதே. யார் எந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள் என்பதுவரை எனக்குத் தெரியும். பிரியாணியில் உப்பு கம்மி என்று பீட்டர் சம்பந்தி சொன்னதும் தெரியும். அன்றைக்கு உப்புப் போட்டது நான்.

போன ஞாயிற்றுக்கிழமை ஜெயராஜ் எங்களைப் பார்க்கத் திண்டிவனம் வந்தான். நல்ல மழை. ரயில்வேயில் கொடுத்த புது மழைக்கோட்டைக் கழற்றி வாசல் கதவில் மாட்டினான். அந்த ரப்பர் வாசனை உள்ளே வந்ததும் கோட்டை எடுத்து வெளியே திண்ணையில் போட்டேன். உன்னைத் தண்டவாளத்து ஓரத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்து போட்ட அன்று உன் மேல் அடித்த வாசனை அதுதான். அவனோடு அவன் மகனும் வந்திருந்தான். அன்றைக்கு ஸ்டெல்லா மடியில் இருந்த பிள்ளை. இப்போது பிளஸ் டூ படிக்கிறான். மூக்கு அப்படியே உன்னுடையது.

அவர்கள் போனதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாவது வரைக்கும் படித்தவள் நான். எழுத்து கோணலாகத்தான் வரும். பொறுத்துக்கொள்.

நம் வீட்டில் வேலைக்குப் போகாதவர்கள் யாரும் இல்லை. ஆனால் உன் வேலையைத்தான் எல்லோரும் வேலை என்றார்கள். நம் அம்மா மல்லாட்டை பிடுங்கப் போனால் கூலிக்கு மேலே மடியில் நாலு கை கடலை வரும், அதுவும் நிலத்துக்காரர் மனசு வைத்தால். நான் கான்வென்ட் விடுதியில் சமையலுக்குப் போனேன். மீந்த சாம்பார், வருஷத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் புடவை. என் வீட்டுக்காரர் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கினார். அங்கே கூலி உண்டு. கூலி தவிர ஒன்றும் இல்லை. உனக்கு மட்டும்தான் வீடு கொடுத்தார்கள். பூட்ஸ், கோட்டு, ரயில் பாஸ், ஆஸ்பத்திரி எல்லாம் கொடுத்தார்கள். தினமும் தண்டவாளத்தோடு நடந்து ஆணி கழன்றிருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிற வேலைக்கு இத்தனையா என்று ஊரே வாயைப் பிளந்தது. வெயிலில் உன் கழுத்து வெந்துபோயிருந்ததை நான்தான் பார்த்தேன்.

ஞானஸ்நான விருந்து முடிந்து ஆண்கள் பாயில் சாய்ந்தபோது அந்தப் பேச்சுதான் வந்தது. பீட்டர் சம்பந்தி பஸ் டெப்போவில் டிரைவர். அவர்தான் ஆரம்பித்தார்.

"எங்க டெப்போல யூனிஃபார்ம் துணி ஃப்ரீ. தைக்கிற கூலியும் ஃப்ரீ."

"ரெண்டு தபா தொவைச்சா சாயம் ஃப்ரீயா போயிடுது," என்றாள் ஸ்டெல்லா.

நீ சிரித்தாய். "சம்பந்தி, உனக்கு பஸ்ஸு மட்டும்தான் ஓசி. நான் நெனச்சா கன்னியாகுமரி வரைக்கும் ஓசியில போவேன்."

"எங்க நெனச்சாரு?" என்று உள்ளேயிருந்து அண்ணி குரல் கொடுத்தாள். "வேளாங்கண்ணிக்கு ஒரு தபா இட்டுக்கினு போனாரு. அதோட சரி. பாஸு பொட்டியிலயே கெடந்து மக்கிப் போவுது."

நானும் சும்மா இருக்கவில்லை. "எங்க கான்வென்ட்ல அத்தினி பேருக்கும் ஒரே கலரு சேல. நாலு பேரு சேந்து ரோட்டுல போனா பேண்டு வாத்தியக்காரன் போறான்னு நெனைக்கறாங்க."

கடைசியாக என் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்தார். "எங்க மில்லுல இன்னா குடுக்கறாங்க தெரியுமா? தும்மலு. தவிட்டுத் தூசி எம்மாம் வேணும்னாலும் மூக்குல ஏத்திக்கினு ஊட்டுக்குப் போவலாம். எவனும் கேக்க மாட்டான்." எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவருக்கு ருசித்துவிட்டது. மேலே போனார். "ஆனா மச்சான், பாஸு கீஸெல்லாம் ஒரு பேச்சா? உங்க ரயில்வேல பெரிய சலுகை ஒண்ணு இருக்குது. சர்வீஸுல இருக்கும்போதே ஆளு போயிட்டா புள்ளைக்கு வேலை. ரிட்டேர் ஆயிட்டுப் போனா மாலைதான். நீ ஜல்தியா ஒரு முடிவு பண்ணு மச்சான், இன்னும் ஒரு வருஷங்கூட இல்ல."

கூடமே அதிர்ந்தது. உன் சிரிப்புதான் பெரிய சிரிப்பு. ஜெயராஜ் மட்டும் சிரிக்கவில்லை. ஐடிஐ படித்துவிட்டு எட்டு இடத்தில் கேட்டும் நிலையாக ஒரு வேலை கிடைக்காமல் இருந்தவன் அவன். எழுந்து வெளியே போய்விட்டான். அவன் போனதை நீ பார்த்தாய். அப்புறம் குழந்தையைப் பார்த்தாய். அப்புறம் பீட்டர் சம்பந்தியிடம், ஏதோ பஸ் நேரம் கேட்கிற மாதிரி கேட்டாய்.

"ரிட்டேர் ஆவறதுக்கு மொத நாளு போனாக்கூட செல்லுமா சம்பந்தி?"

"மொத நாளு போனாலும் சர்வீஸு சர்வீஸுதான்."

மறுபடியும் சிரிப்பு. இந்த முறை என்னால் சிரிக்க முடியவில்லை. ஏனென்றால் அதற்கு முந்தின வாரம்தான் உன் நெஞ்சு வலியைப் பற்றி அண்ணி என்னிடம் சொல்லியிருந்தாள். ரயில்வே ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு ரத்தக்குழாயில் அடைப்பு, சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஆப்பரேஷன் பண்ணிக்கொள் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு பைசா செலவில்லை. ஞானஸ்நானம் முடியட்டும் என்று நீதான் தள்ளிப்போட்டாய்.

ஞானஸ்நானம் முடிந்தது. நீ போகவில்லை.

முதலில் லீவு இல்லை என்றாய். அப்புறம் லைனில் வேலை அதிகம் என்றாய். ஒருநாள் அண்ணி போன் பண்ணினாள். "பாப்பா, உங்கண்ணன் மாத்திரையே வாங்கியாற மாட்டேங்கறாரு. ஆஸ்பத்திரிப் பக்கமே போவல. கேட்டா சிரிக்கறாரு." அந்தச் சிரிப்பு எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு விழுப்புரம் பஸ் ஏறினேன். விக்கிரவாண்டி வருவதற்குள் நூறு தடவை மாதாவைக் கூப்பிட்டிருப்பேன்.

நீ டியூட்டி முடிந்து வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாய். குனிந்து நிமிர்வதற்குள் மூச்சு வாங்கியது.

"ஏண்ணா ஆஸ்பத்திரிக்கிப் போவல?"

"போறேன் பாப்பா. ரிட்டேர் ஆயிட்டு நிதானமா போறேன். அப்பவும் நமக்கு ஆஸ்பத்திரி ஃப்ரீதான்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் ஆண்டவர் சித்தம்." இன்னொரு பூட்ஸையும் கழற்றி வைத்தாய். "வச்சாலும் லாபம், எடுத்துக்கினாலும் லாபம்."

நான் கத்தினேன். உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். நீ என் கையை மெதுவாக எடுத்துவிட்டு, "கேப்பைக் களி பண்ணியிருக்கா உங்கண்ணி, சாப்ட்டுப் போ" என்றாய். உன்னைப் பிழைக்க வைக்க ஒரு சலுகை கொடுத்திருந்தார்கள். நீ செத்தால் பிள்ளைக்கு ஒரு சலுகை. இரண்டையும் ஒரே ரயில்வேதான் கொடுத்தது. நீ இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். அப்படி ஒரு எண்ணம் மனுஷனுக்கு வரும் என்று எனக்கு யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஜெயராஜை ஸ்டேஷன் வாசல் டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னேன். அவன் டீயைக் கையில் வைத்துக்கொண்டே அழுதான். "அத்த, எனுக்குத் தெரியாதுன்னு நெனைக்கறியா? அந்த வேலையே வேணாம்னு காலுல வுழுந்து சொல்லிட்டேன். 'எந்த வேலைய சொல்றடா, உனுக்கு யாரு வேலை தந்தா'ன்னு திருப்பிக் கேக்கறாரு. நான் இன்னா பண்ணட்டும்?" அவன் விடவில்லை. சென்னைக்குக் கூட்டிப்போக நாள் குறித்து, உன் மேலதிகாரியிடம் லீவும் எழுதி வாங்கி வைத்திருந்தான்.

அந்த மாதங்களில் நான் பட்ட பயம் உனக்குத் தெரியாது. போன் அடித்தால் எடுக்க மாட்டேன், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கான்வென்டில் அரிசி களைந்துகொண்டே இருப்பேன், தண்ணீர் தெளிந்ததுகூடத் தெரியாது. திண்டிவனம் ஸ்டேஷனைத் தாண்டி ரயில் கூவினால், அந்தத் தண்டவாளத்தின் மறுமுனையில் நீ நடந்துகொண்டிருக்கிறாய் என்று ஒரு ஆறுதல். அடுத்த நிமிஷம், நடந்துகொண்டிருக்கிறாயா என்று ஒரு திகில்.

சென்னைக்குப் போகவேண்டிய நாளுக்கு முன்னாடியே மழையில் டியூட்டிக்குப் போனவன், லைன் ஓரத்து ஜல்லியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாய். ஓய்வுக்கு ஒரு மாதம்கூட இல்லை.

உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். அண்ணிக்கு அழக்கூடத் தெம்பில்லை. அப்போது என் வீட்டுக்காரர் உன் தலைமாட்டில் நின்றுகொண்டு, வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்: "புள்ளைக்கு ஒரு வழிய பண்ணிட்டுத்தான் போயிருக்காரு மச்சான். கொடுத்து வச்சவன் ஜெயராஜ்." ஆட்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஜெயராஜ் சுவரில் தலையை இடித்துக்கொண்டான்.

அவனுக்கு வேலை கிடைத்தது. உன் லைனிலேயே போட்டார்கள். ஸ்டெல்லா இப்போது ஒரு ஷூ கம்பெனிக்குப் போகிறாள். வாசலுக்கு வேன் வருகிறது, மத்தியானச் சாப்பாடு போடுகிறார்கள், காய்ச்சல் என்று ஒருநாள் உட்கார்ந்தால் மட்டும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்கிறார்கள். அதனால் வீட்டில் எல்லோரும் ஜெயராஜின் வேலையைத்தான் நம்பியிருக்கிறார்கள். அவனுக்குச் சர்க்கரை வந்துவிட்டது. மாதம் பிறந்தால் நான் போன் பண்ணுவேன். "ஆஸ்பத்திரி போனியாடா?" "போனேன் அத்த." இத்தனை வருஷத்தில் அந்தப் பதில் மாறியதில்லை. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பையன் பரீட்சையைப் பற்றிப் புலம்பினான். கணக்கு வரவில்லையாம். என் வீட்டுக்காரருக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது, மில் தூசியில் நெஞ்சு இரைகிறது, ஆனாலும் வாய் ஓயவில்லை.

"உனுக்கு இன்னாடா கவலை? பாஸானா இன்னா, பெயிலானா இன்னா? உங்கப்பன் ரயில்வேல இருக்கறான் இல்ல?"

"அதுக்கும் எனுக்கும் இன்னா தாத்தா?"

"அட, தெரியாதா? சர்வீஸுல இருக்கும்போதே..."

"வாய மூடு!" என்றேன். கட்டிய நாளிலிருந்து அவரை நான் அப்படிச் சொன்னதில்லை. தட்டில் அவர் கை அப்படியே நின்றது. பையன் திருதிருவென்று விழித்தான். நான் ஜெயராஜைப் பார்த்தேன்.

அவன் சிரித்தான் அண்ணா. உன் சிரிப்பு.

பஸ் ஏற்றிவிடக் கூடவே போனேன். மழையில் குடையைக்கூட விரிக்கவில்லை. "இந்த மாசம் ஆஸ்பத்திரி போனியாடா?" என்று கேட்டேன்.

"லீவு கெடைக்கல அத்த. அடுத்த மாசம் போறேன்."

பஸ் போய்விட்டது. அதற்கப்புறம் எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்தப் பயம்தான். நீ எனக்கு விட்டுப்போனது இதுதான். நாளைக்குக் காலையில் விழுப்புரம் போகிறேன். அவன் டியூட்டிக்குக் கிளம்புவதற்குள் வாசலில் போய் உட்கார்ந்துவிடுவேன். கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போவேன். கிழவி தெருவில் நின்று கத்துகிறாள் என்று கூட்டம் கூடினாலும் சரி. உன்னிடம் ஒரு தடவை கத்திவிட்டுக் களி சாப்பிட்டுத் திரும்பியதுபோல் இந்த முறை திரும்ப மாட்டேன்.

அண்ணி மேல் கோபமிருந்தது. அவள் இன்னும் பலமாகத் தடுத்திருக்கலாம் என்று ரொம்ப நாள் பேசாமல் இருந்தேன். பிறகு விட்டுவிட்டேன், அவள் உன்னை இழந்தவள். பீட்டர் சம்பந்தியையும் விட்டுவிட்டேன், அவர் கேட்டதற்குப் பதில் சொன்னார். உன்னை மன்னிக்கத்தான் அதிக நாள் ஆனது. பிள்ளைக்காக என்று நினைத்துப் பண்ணினாய். அது தப்பு. தப்பென்று சொல்லிவிட்டே மன்னிக்கிறேன்.

ஒருவரை மட்டும் என்னால் முடியவில்லை. கெட்டவர் இல்லை. ஆயுசு முழுக்க மூட்டை தூக்கியும் அவருக்கு யாரும் எதுவும் கொடுக்காததால் வந்த பேச்சு அது என்பதும் எனக்குத் தெரியும். அவருக்குத்தான் இன்றைக்கும் வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். ஆனால் ஒருமுறை சொல்லி உன்னை அனுப்பினார், பதினாறு வருஷம் கழித்து அதே வார்த்தையை உன் பேரன் காதில் போடுகிறார். அவர் பெயரை நான் இதுவரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவளைச் சொல்லச் சொல்வேன். பெண்டாட்டி வாயால் பெயர் சொன்னால் புருஷன் ஆயுசு குறையும் என்று அம்மா சொல்லி வைத்திருக்கிறாள். பக்கத்து அறையில் இருமிக்கொண்டிருக்கிறார். எழுதுகிறேன்.

சவரிமுத்து.