மும்பையில் மாட்டிக்கொண்ட மடி

அன்புத் தங்கச்சிக்கு,

என் போனை நீ எடுக்கமாட்டாய் என்பதால், இதைத் தாளில் எழுதிப் படமாக அனுப்புகிறேன். மஸ்கட்டில் விமானம் ஆறு மணி நேரம் தாமதம். மும்பையில் இறங்கினால், சென்னை விமானம் போயே போய்விட்டது. காலையிலிருந்து ஒரே நாற்காலி. என் தொப்பை மட்டும் பக்கத்து நாற்காலிவரை போய் வருகிறது.

அந்த நாற்காலியில் இருப்பது கடலூர் முதுநகரைச் சேர்ந்த ஒரு அம்மா. என் கதை முழுவதையும் பிடுங்கிக்கொண்டு, "ஏண்ணா, தாய்மாமன் மடி இங்க கெடக்குது. நாளைக்கு சிதம்பரத்துல புள்ளய யாரு மடியில வச்சி காது குத்துவாங்க?" என்றாள். சிரித்து வைத்தேன்.

மச்சானுக்கு வேலை போனதை உன் புதுமனை புகுவிழாவில் மைக்கில் சொல்லிச் சிரிப்புக் காட்டினேன். மூன்று வருடமாக நீ பேசவில்லை. ஆனாலும் பத்திரிகையில் தாய்மாமன் என்று என் பெயரைத்தான் போட்டிருக்கிறாய்.

இடம் கிடைத்த அடுத்த விமானம் நாளைக் காலை பத்துக்கு. முகூர்த்தமும் பத்துக்கு. சித்தப்பா மகன் சபாபதியைக் கூப்பிட்டால் உடனே சம்மணம் போட்டுவிடுவான்.

அவனைக் கூப்பிடாதே. காதுகுத்தை ஒரே ஒரு நாள் தள்ளி வை. சமையல்காரர் திட்டினால் என் பெயரைச் சொல். மச்சானிடம் போனைக் கொடு. மைக் இல்லாமல் மன்னிப்புக் கேட்கவேண்டும்.

போனும் கையுமாக,
உன் அண்ணன்