முதல் இரண்டு வரிசை

ஜூன் 4

அன்புள்ள சின்னவளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. நீ போன் செய்வதில்லை என்ற புலம்பல் அதைவிடப் பெரிய வலி.

கல்லூரியில் என் தலையில் புதிதாக ஒன்றைக் கட்டிவிட்டார்கள். கல்லூரிக்கு மதிப்பெண் போடத் தரக்குழு வருகிறது. பெண்ணை விரும்பும் பெண், ஆணை விரும்பும் ஆண், இருவரையும் விரும்புகிறவர்கள், திருநங்கை, திருநம்பி எல்லோருக்கும் வளாகத்தில் என்ன ஆதரவு என்று கேட்பார்களாம். முதல்வருக்கு வியர்த்துவிட்டது. இயற்பியல்காரர் இதெல்லாம் செல்போனால் வருவது என்கிறார். நூலகரோ நம் கல்லூரியில் அப்படி யாருமே இல்லை என்று சத்தியம் செய்கிறார். இந்த மந்தையில் விவரம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் ஆதரவுக் குழுவுக்கு என்னைத் தலைவியாக்கிவிட்டார்கள்.

ஆதரவு தினம் நடத்தப் போகிறேன். அரங்கில் முதல் இரண்டு வரிசையை அந்தப் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கிப் பலகை வைக்கிறேன். இத்தனை நாள் ஒளிந்திருந்தவர்களுக்கு முதல் மரியாதை. வேறு யாருக்கும் இது தோன்றவில்லை.

நீ வந்து பேச வேண்டும். அழைப்பிதழில் உன் பெயரை மருத்துவமனையோடு சேர்த்து அச்சடித்தாகிவிட்டது. மயக்க மருந்து டாக்டர் என்ற அளவில் பேசினால் போதும், சொந்த விஷயம் வேண்டாம். உன்னோடு இருக்கும் பல் டாக்டரம்மாவை அழைத்து வராதே. அப்பா வருவார்.

அன்புடன்,
பெரியவள்


ஜூன் 11

அக்காவுக்கு,

உன் கடிதத்தை அவளுக்கும் படித்துக் காட்டினேன். சொத்தைப் பல்லைப் பார்க்கும்போதுகூட அவள் இப்படி முகம் சுளித்ததில்லை.

படித்தவள்தானே நீ? வீட்டுக்கும் அறைத்தோழிக்கும் சொல்லாத ஒரு பிள்ளை, ஊரே பார்க்க உன் பலகைக்குப் பின்னால் வந்து உட்காருமா? உனக்குத் தெரிந்தது கண்காட்சி. அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியதெல்லாம் சின்ன விஷயங்கள். விடுதியில் கேலி செய்கிறவனைக் கூப்பிட்டுக் கண்டிக்க ஒரு ஆள். திருநங்கைப் பெண்ணை அவள் சொல்லும் பெயரால் கூப்பிடும் ஒரு வாத்தியார். யாரும் முறைக்காத ஒரு கழிப்பறை. கேட்டதை வெளியே விடாத ஒரு வாய். கடைசியாகச் சொன்னது உனக்குக் கஷ்டம்தான்.

நானும் அவளும் இத்தனை வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். நீ இரண்டு முறை வந்தாய். இரண்டு முறையும் கேட்டது, "ஒருத்திக்குக் கல்யாணமாகிப் போயிட்டா இந்த வீட்டை யார் வச்சுக்குவீங்க?" என்றுதான். நீ ஆதரவுக் குழுத் தலைவி என்றால் நான் சிரிக்காமல் என்ன செய்வது?

அவள் இல்லாமல் நான் வரமாட்டேன். பலகையை எடுத்துவிடு.

சின்னவள்


ஜூலை 2

சின்னவளுக்கு,

நீ வராமல் என் மானத்தை வாங்கிவிட்டாய். பலகையும் வைத்து, பூவும் வைத்து, முதல் இரண்டு வரிசையும் காலி. தரக்குழுப் பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ஒருத்தர்கூடவா கிடைக்கல?" என்று முதல்வர் என் காதைக் கடித்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

என் துறையில் இறுதியாண்டுப் பெண் ஒருத்தி இருக்கிறாள், கெட்டிக்காரி. கொஞ்ச நாள் முன்புதான் என் அறைக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, தன் மனம் ஒரு பெண்ணிடம் போய்விட்டது என்று சொல்லி அழுதாள். அணைத்து ஆறுதல் சொன்னேன், அதையும் கணக்கில் வைத்துக்கொள். மைக்கில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். "பயப்படாம முன்னால வாம்மா, மேடம் இருக்கேன்ல" என்றேன்.

அவள் எழுந்தாள். ஆனால் வெளியே போய்விட்டாள். பின்னால் ஒரே சிரிப்பு. அன்றைக்கே விடுதியில் அவள் படுக்கையைத் தூக்கி வராந்தாவில் போட்டுவிட்டார்கள். அவள் அண்ணன் வண்டியோடு வந்து கத்தினான், அதற்குள் இவள் எங்கோ போய்விட்டாள். நல்லது செய்யப் போன எனக்கு இதெல்லாம் தேவையா? அவள் போனை எடுக்கவில்லை. உங்களுக்குள் ஒரு இது இருக்குமே, நீ பேசிப் பார்.

பெரியவள்


ஜூலை 9

அக்காவுக்கு,

உன் மாணவி எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். அழைப்பிதழில் இருந்த மருத்துவமனைப் பெயரை வைத்துத் தேடி வந்துவிட்டாள். என்னைக் கேட்காமல் நீ அச்சடித்ததில் விளைந்த ஒரே நன்மை.

மாதக் கடைசியில் அவளுக்கு இறுதித் தேர்வு. அங்கே வர முடியாது, அண்ணன் கல்லூரி வாசலிலேயே நிற்கிறான். துறைத்தலைவர் காரணம் எழுதிக் கொடுத்தால் இங்கேயுள்ள கல்லூரியில் எழுதலாம் என்று பல்கலைக்கழகத்தில் சொல்கிறார்கள். அந்தத் துறைத்தலைவர் நீ. 'மேடையில் நான் செய்த காரியத்தால் இந்த மாணவிக்கு இங்கே பாதுகாப்பில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடு. ஆதரவு தினமே நடத்தியவளுக்கு இது என்ன பெரிய வேலை?

சின்னவள்


ஜூலை 20

சின்னவளுக்கு,

முதல்வரிடம் பேசினேன். இப்படியெல்லாம் எழுத்தில் கொடுத்தால் தரக்குழு கைக்குப் போய்விடும், முதலில் அவர்கள் முடிவு வரட்டும் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு வருடம்தானே, அடுத்த முறை எழுதட்டும். வேண்டுமானால் நானே பாடம் சொல்லித் தருகிறேன். நம் ஆதரவுப் பணியை அறிக்கையில் தனியாகப் பாராட்டியிருப்பதாகக் கேள்வி. உனக்குச் சந்தோஷமாக இருக்குமே என்று எழுதுகிறேன்.

பெரியவள்


ஆகஸ்ட் 3

அக்காவுக்கு,

தேர்வு நேற்றோடு முடிந்துவிட்டது. ஒவ்வொரு தேர்வு நாளிலும் அவள் காலையில் குளித்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, மூடிய புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பொறுக்காமல் பல் டாக்டர் அவளைத் தன் கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். இப்போது அங்கே வருகிறவர்களை வரிசைப்படுத்தி உள்ளே அனுப்புகிறாள். கூச்சல் போடாமல், நோயாளிகளை அதட்டாமல், நன்றாகவே செய்கிறாளாம்.

உன்னை வாய்க்கு வந்தபடி திட்டலாம் என்றால் அதற்கும் விடமாட்டேன் என்கிறாள். நேற்று இரண்டு வார்த்தை ஆரம்பித்தேன். "மேடத்தைத் திட்டாதீங்க டாக்டர். நல்லதுன்னு நினைச்சுதான் கூப்பிட்டாங்க" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த மனசையா நீ மைக்கில் வைத்து ஏலம் போட்டாய்?

அவள் மன்னித்துவிட்டாள். சின்னப் பெண், வயது அப்படி. நான் உன் கூடப் பிறந்தவள், எனக்கு உன்னைத் தெரியும். அப்பாவுக்கு இனி நானே போன் செய்துகொள்கிறேன். நீ எழுதாதே.

சின்னவள்