ஸ்பூன் தண்ணீரில் நன்மை

24-3-86, திங்கள்
ஒன்பது மணிக்கே வெயில் சுடுகிறது. மனைவி ஸ்டெல்லாவைச் சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. தொண்டையில் புற்று. இனி வைத்தியம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். தண்ணீராகக் கரைத்த ராகிக் கஞ்சி மட்டும் இறங்குகிறது, அதுவும் ஸ்பூனில். ஸ்கூலுக்கு ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்தேன். வாங்க: குளுக்கோஸ், பஞ்சு, எங்கள் பாப்பாவுக்குப் பரீட்சை அட்டை.

26, புதன்
பக்கத்து வீட்டு ராஜம்மா மோர் கொண்டுவந்தார். மாரியம்மனைக் கும்பிடுகிறவர். சுவரிலிருந்த சிலுவையைப் பார்த்துச் சொன்னார்: "இத்தன கும்புட்டியே, உங்க சாமி இப்புடி உட்டுட்டாரே."

ஸ்டெல்லா, கரகரத்த குரலில்: "அவருக்கும் சிலுவையில தொண்ட காஞ்சுதுக்கா. தாகம்னாரு, புளிச்ச காடியத்தான் குடுத்தாங்க. என் வலி அவருக்குத் தெரியும்."

எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. கோபம்தான்.

27, பெரிய வியாழன்
சர்ச்சில் சாயங்காலப் பூசை. நன்மை வாங்க, நற்கருணை வரிசையில் நின்றேன். பங்குச் சாமியார் கையில் அப்பத்தைப் பார்த்ததும், அவளால் இதை விழுங்க முடியாதே என்று தோன்றியது. விலகி வெளியே வந்துவிட்டேன்.

வீட்டில் முதல் கேள்வி: "நன்ம வாங்குனீங்களா?"

"இல்ல. உன்ன உட்டுட்டு நான் மட்டும் எப்புடி?"

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

28, பெரிய வெள்ளி
புழுக்கம். காலையில் சிலுவைப்பாதை முடிந்ததும், அவளால் அப்பத்தை விழுங்க முடியாததைச் சாமியாரிடம் சொன்னேன்.

"மொதல்லயே சொல்லக் கூடாதுங்களா வாத்தியாரே? ஒரு துணுக்கு போதும்ங்க. அதுலயும் ஆண்டவர் முழுசாத்தான் இருக்காரு."

சாயங்காலம் மொபெட்டில் வந்தார். ராகி அளவுத் துணுக்கு, ஒரு ஸ்பூன் தண்ணீரில். வாயில் வாங்கினாள். இருமல். முகமெல்லாம் வியர்வை. பாப்பா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். இறங்கிவிட்டது! அடுத்து சாமியார் என் பக்கம் திரும்பினார். நானும் வாங்கினேன். அழுதேன். பாப்பா முன்னால் அழுதது இதுதான் முதல் தடவை.

29, சனி
தண்ணீரும் நின்றுவிட்டது. பஞ்சை நனைத்து உதட்டில் வைக்கிறோம். துணி துவைத்தேன்.

30, ஈஸ்டர்
காலைப் பூசையில் நன்மை வாங்கினேன். வந்து சொன்னதும் சிரித்தாள். குனிந்து காதைக் கொடுத்தேன்.

"அங்க தொண்ட வலிக்காதுங்க. மொதப் பந்தியில உங்களுக்கும் எடம் போட்டு வெக்கறேன். பாப்பாவக் கட்டிக் குடுத்துட்டு மெதுவா வாங்க."

சரி என்றேன்.