இரண்டு நாள் காய்ச்சல்

மரக்காணம்
9.2.2025

மேலே என்ன எழுதிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. இத்தனை வருஷமும் ‘நிவேதா அப்பா’ என்றுதான் கூப்பிட்டேன். அவள் போன பிறகு அது வாயில் வரமாட்டேன் என்கிறது. அதனால் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பீர்கள். ஃபோனில் நீங்கள் “சாப்ட்டியா?” என்கிறீர்கள். நான் “சாப்ட்டேன், நீங்க?” என்கிறேன். அவள் பேச்சை எடுத்தாலே லைன் கட்டாகிவிடுகிறது. அதை மஸ்கட் டவரின் கோளாறு என்று நம்பும் அளவுக்கு நான் முட்டாள் இல்லை.

தை பிறந்ததும் உப்பளத்தில் வேலை தொடங்கிவிட்டது. முத்தம்மாளும் நானும் ஒரே வரிசையில்தான் கூடை சுமக்கிறோம். வாய் ஓயாத மனுஷி, என்னைக் கண்டால் ஊமையாகிவிடுகிறாள். ‘நிவேதா அம்மா’ என்று கூப்பிட்டவர்கள் எல்லாம் இப்போது ‘இந்தாம்மா’ என்கிறார்கள். என் மனசு நோகக் கூடாது என்றுதான். எனக்கோ, பிள்ளையோடு அவள் பெயரையும் சேர்த்துப் புதைத்துவிட்டார்கள் போல இருக்கிறது.

நீங்களாவது அவளைப் பற்றி நாலு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு
ரேணுகா

மஸ்கட்
28.2.2025

ரேணுகாவுக்கு,

கேட்டாய், எழுதுகிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் ஃபோன் செய்தேன். “நிவேதா எங்க? ஃபோனை அவகிட்ட குடு” என்றேன். “தூங்குறா. லேசா காய்ச்சல்தான்” என்றாய். சனிக்கிழமையும் அதையே சொன்னாய். பிள்ளை வியாழக்கிழமையே போய்விட்டாள் என்று ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குச் சொன்னீர்கள்.

உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே ஃபிளைட் ஏறியிருப்பேன். ஒரே ஒரு நாள் ஐஸ் பெட்டியில் வைத்திருக்கக் கூடாதா? லேசான காய்ச்சலுக்கு எவன் லீவு கேட்பான்?

சனிக்கிழமை சாயங்காலம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? கடையில் நின்று அவளுக்குக் கலர் பென்சில் பெட்டி பொறுக்கிக்கொண்டிருந்தேன். இருபத்து நாலா, முப்பத்தாறா என்று யோசித்து, முப்பத்தாறே எடுத்தேன். அவளை மண்ணில் வைத்த மறுநாள். அந்தப் பெட்டி என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

இங்கே யாருக்கும் சொல்லவில்லை. ஏசி மாட்ட மாடி ஏறுகிறேன், இறங்குகிறேன். இதற்குமேல் எழுத முடியவில்லை.

அர்ச்சுனன்

மரக்காணம்
23.3.2025

உங்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. நீங்கள் கேட்டது அத்தனையும் நியாயம்.

மூன்றாம் நாள் நிவேதாவின் ஜெனிஷா டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். நாலு மாதமாக அவள் இடத்தில் ஒரு பிள்ளையும் உட்காரவில்லையாம். “அவ பேர எடுக்காதீங்கன்னு நான்தாங்க பசங்ககிட்ட சொன்னேன். தப்பு பண்ணிட்டேன். நீங்க வந்து பேசுறீங்களா?” என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

போனேன். என்னைப் பார்த்ததும் வகுப்பே தலையைக் குனிந்துகொண்டது. ஒரு பெண் மட்டும், “ஆன்ட்டி, அவ கடைசியா என்ன கேட்டா?” என்றாள். ஆரஞ்சு ஐஸ் கேட்டாள், காய்ச்சலுக்கு ஆகாது என்று நான் தரவில்லை என்றேன். சொல்லும்போதே உடைந்துவிட்டேன். பிள்ளைகளும் அழுதார்கள். அப்புறம் ஒவ்வொன்றாய்ச் சொல்ல ஆரம்பித்தார்கள். கணக்கு வராவிட்டால் அவள் டீச்சரையே கேள்வி கேட்டுத் திணற அடிப்பாளாம். டீச்சரும் சிரித்தார், நானும் சிரித்தேன். மகளைப் பற்றிச் சிரிக்க எனக்கு இன்னும் வருகிறது.

மறுநாள் உப்பளத்தில், “என்னைய நிவேதா அம்மான்னே கூப்புடு” என்று முத்தம்மாளிடம் சொன்னேன். கூடையை அப்படியே வரப்பில் இறக்கிவிட்டு, “நான் எப்டி கூப்புடுவேன்டி” என்று கட்டிக்கொண்டு அழுதாள். மேஸ்திரி சத்தம் போட்டார். போடட்டும் என்று இருந்தோம்.

இப்போது உங்களிடம் சொல்ல வேண்டியது. “அவன் தனியா கெடக்கிறான், தாங்கமாட்டான். காய்ச்சல்னு மட்டும் சொல்லு” என்று உங்கள் அண்ணன் சொன்னதால்தான் மறைத்தேன் என்று இதுவரை சொல்லி வந்தேன். அது பாதிதான் உண்மை. வெள்ளிக்கிழமை நீங்கள் ஃபோன் செய்தபோது அவள் கூடத்தில் கிடத்தப்பட்டிருந்தாள். நீங்கள், “எழுப்பாத, தூங்கட்டும்” என்றீர்கள். அந்தக் குரலில் அவளுக்கு வெறும் காய்ச்சல்தான். உங்களுக்குச் சொல்லாத வரை, ஒரே ஓர் இடத்திலாவது அவள் உயிரோடு இருந்தாள். அந்த இரண்டு நாளை நான் எனக்காக வைத்துக்கொண்டேன். உங்களிடமிருந்து எதைப் பிடுங்குகிறேன் என்று அப்போது தெரியவில்லை.

திட்டியாவது எழுதுங்கள்.

ரேணுகா

மஸ்கட்
11.4.2025

நிவேதா அம்மாவுக்கு,

ரூமைப் பெருக்கும்போது, கூடத் தங்கியிருக்கும் மேத்யூ அந்தப் பென்சில் பெட்டியைப் பார்த்துவிட்டு, “யாருக்குண்ணே இது?” என்று கேட்டான். “என் பொண்ணுக்கு. செத்துட்டா” என்றேன். நாலு மாதத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். அவன் துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் அப்பா செத்தபோது அவனுக்கும் ‘சீரியஸ்’ என்றுதான் சொன்னார்களாம்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். நமக்குள் இன்னொரு பொய் வேண்டாம். ஆனால் நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று இப்போது புரிகிறது. அவளைப் பற்றிப் பேச எனக்கு உன்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

ஜூனில் லீவு கிடைக்கும். பெட்டியைக் கொண்டுவருகிறேன். ஜெனிஷா டீச்சரிடம் கொடுத்துவிடலாம்.

இந்தக் கடிதம் வந்து சேர இரண்டு வாரம் ஆகும். அதுவரை ஃபோனில் நமக்கு ‘சாப்ட்டியா’தான். மே இரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, வேலைக்குப் போகாமல் இரு. காலை பத்து மணிக்குக் கூப்பிடுவேன். நிவேதா எங்கே என்று கேட்பேன்.

இந்தத் தடவை உண்மையைச் சொல். நான் ஃபோனை வைக்கமாட்டேன்.

இப்படிக்கு
நிவேதா அப்பா