கவிழ்த்த வாளி

வெர்ன்,

கல்லூரி சாஃப்ட்பால் அணியிலிருந்து கூப்பிட்டார்கள். சனிக்கிழமை நம் டெலேனி போட்டு ஆடிய சட்டையை அவளுக்குக் கௌரவமாக மைதானச் சுவரில் மாட்டுகிறார்களாம். நீ போய்க் கைதட்டு. நான் வரவில்லை.

கொல்லையில் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து அவள் வீசும் பந்தைப் பிடிப்பாயே, நினைவிருக்கிறதா?

"தோள் வலிக்குதுப்பா."

"கீழே சுழற்றி வீசினா தோளுக்கு ஒண்ணும் ஆகாதுடி. மேலேருந்து ஓங்கி வீசுற பேஸ்பால் பசங்களுக்குத்தான் ஓய்வெல்லாம். போடு!"

கோச்சும் அதையே சொல்லி ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வீச வைத்தார். வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். ஆட்டம் நின்ற பிறகும் அவளுக்கு மாத்திரை நிற்கவில்லை; கடைசியில் அதுவே அவளைக் கொண்டுபோனது.

சாவதற்கு முந்தின வாரம்கூட நான்தான் அவளுக்குத் தலை வாரிவிட்டேன். அவள் கை மேலே எழவில்லை.

வாளி இன்னும் கொல்லையில் கவிழ்ந்தே கிடக்கிறது. எடுத்துக்கொண்டு போ. சட்டைக்குப் பக்கத்தில் அதையும் மாட்டச் சொல்.

அவளைப் பெற்றவள்