ஓட்டை இல்லாத இலைகள்

இன்று காலை ரசத்துக்குத் தாளிக்கக் கறிவேப்பிலை உருவினேன். கையோடு ஒரு பச்சைப் புழுவும் வந்தது. விரல் பட்டதும் கொம்பை நீட்டி அந்தப் பழைய நாற்றத்தை விட்டது. அவ்வளவுதான், நீ வந்துவிட்டாய். செத்தும் என்னை நிம்மதியாகச் சமைக்க விடமாட்டாய் நீ.

மண்ணூர் கம்பெனி ஹாஸ்டலில் ஒரே அறை, ஒரே லைன், ஒரே ஷிப்ட் நமக்கு. ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் போர்த்திக்கொண்டு தூங்க, நீ என்னை ஏரிக்கரைப் புறம்போக்குக்கு இழுத்துப் போவாய். ஊர்க்காரர்கள் சிலரும் நம்மைப் போல வந்தேறிகள் சிலரும் அங்கே நம்ம மண்ணின் செடிகளாகப் பார்த்து நட்டுக்கொண்டிருந்தார்கள். எருக்கு, ஆவாரை, உன் செல்லமான ஆடுதின்னாப்பாளைக் கொடி. நான் தண்ணீர்க் குடத்தையும் உன்மேல் கோபத்தையும் சேர்த்தே சுமந்தேன். ரோஜா வைத்தால் ஆகாதா என்று கேட்டதற்குச் சிரித்தாய்.

"பூவுல பட்டாம்பூச்சி வந்து குடிச்சிட்டுப் போயிரும்ட்டி. புழு தின்ன இலை இருந்தாத்தான் இங்கனயே தங்கும்."

அந்த இடத்தைக் கம்பெனிக்காரர்கள் லாரி நிறுத்தக் கேட்டிருந்தார்கள். ஞாயிறு ஊர்ப் பெரியவர்கள் பார்க்க வருவார்கள், பட்டாம்பூச்சி பறந்தால் தோட்டம், இல்லாவிட்டால் லாரி என்று ஊர்த் தலைவர் சொல்லிவிட்டார். கொடியெல்லாம் புழு. இலை சல்லடையாகக் கிடந்தது. உனக்கோ வாயெல்லாம் பல்.

முந்தின நாள் நமக்கு ஓ.டி., கூடுதல் நேர வேலை. உதவிக்கென்று நம் கம்பெனியிலிருந்தே பெண்களை அனுப்பினார்கள். எல்லாரும் குவாலிட்டி செக்ஷன். ஓட்டை தெரிந்தால் எடுத்து வீசு என்று பழக்கப்பட்ட கைகள். ஓட்டை விழுந்த இலையை எல்லாம் கிள்ளிப்போட்டு, புழுக்களைப் பொறுக்கி மண்ணெண்ணெய் வாளியில் போட்டிருந்தார்கள். சாயங்காலம் நாம் ஓடிப்போய்ப் பார்த்தபோது ஒருத்தி பூரிப்போடு சொன்னாள்:

"ஒரு ரிஜெக்ட் கூட இல்லக்கா."

நீ அவளுக்கு நன்றி சொன்னாய். அவள் செய்ததைக்கூட மன்னித்துவிட்டேன். அந்த நன்றியை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை, பாவி.

மறுநாள் வந்தவர்கள் தோட்டம் சுத்தமாக இருக்கிறது என்று மெச்சினார்கள். ஒரு பூச்சி பறக்கவில்லை. அந்த வாரமே லாரிகள் வந்து நின்றன.

மிச்சமிருந்த கொடியை வேரோடு பெயர்த்து வேறெங்காவது நடலாம் என்று காலை ஷிப்டுக்கு முன்னால் தனியாகப் போனாய். குனிந்து தோண்டிக்கொண்டிருந்த உன்னை, லாரியைப் பின்னால் எடுத்தவன் பார்க்கவில்லை. எனக்குச் சேதி வந்தபோது லைன் ஓடிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் உன் இடத்தில் வேறொருத்தியை நிறுத்திய பிறகுதான் என்னைப் போகச் சொன்னார். ஊரில் உன் காரியம் முடிந்து நான் திரும்பியபோது உன் கட்டிலில் யாரோ படுத்திருந்தாள். நல்ல பிள்ளை. அவளிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த இடத்தைப் பார்க்கப் போனேன். கொடியை விட்டு நகர்ந்து வேலிக் கல்லில் கூடு கட்டிய புழுக்கள் சில இருந்திருக்கின்றன. காய்ந்த சருகு என்று அந்தக் குவாலிட்டிக் கண்களும் விட்டுவிட்டன. கறுப்பும் சிவப்புமாகப் பட்டாம்பூச்சிகள், லாரித் தார்ப்பாய்க்கு மேலே பறந்துகொண்டிருந்தன. டிரைவர் ஒருவர் பீடியை எடுத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"இன்னா அழகா கீது பாரும்மா."

செருப்பைக் கழற்றி அந்தப் பூச்சிகள்மேல் எறிந்தேன். படவில்லை. டிரைவர் பயந்து நகர்ந்துகொண்டார். நாள் தப்பி வந்த சனியன்களே என்று அழுதேன்.

காலையில் என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, செடிக்கு மருந்து அடிக்கலாமா என்று கேட்டார். வேண்டாம், தின்னட்டும் என்றேன். புழுவைத் திரும்பக் கிளையில் விட்டுவிட்டு, தாளிக்காமலே ரசத்தை இறக்கினேன். சீக்கிரமே அது கூடு கட்டும், பறக்கும். அன்றைக்கு நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. செருப்பு வாசலில்தான் கிடக்கிறது.