நாற்காலியைச் சுற்றி ஒரு தெமோதரை

2003 செப்டம்பர் 14, ஞாயிறு

காலையில் பனி. பத்து மணிக்குப் பிறகுதான் வெயில்.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இந்தக் கொப்பியை யார் பார்க்கப் போகிறார்கள்? ஐம்பத்திரண்டு வயதில், என் சொந்தச் சலூன் தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைச் சீமெந்தில் வைத்துக்கொண்டு, வாயால் "கூ" என்று கூவினேன். ஒரு தடவை இல்லை. எஞ்சின் பெஞ்சுக்கு அடியில் போகும்போதெல்லாம். கதவைச் சாத்த மறந்துவிட்டேன். தலையைத் தூக்கினால் இரண்டு கறுப்புச் சப்பாத்து. அதற்கு மேலே பெரிய கிளாக்கர் ஐயா.

"என்ன மாரிமுத்து, விழுந்திட்டீரோ?"

"இல்லீங்கய்யா. ரயில் போகுது."

ரயில் கலா அனுப்பியது. மகள் குவைத்தில் வீட்டு வேலை. அந்த வீட்டுப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் மேடம் எறியச் சொன்னாளாம், இவள் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டாள். எஞ்சின் ஒன்று, பெட்டி நாலு, தண்டவாளம் ஒரு சாக்கு. மனைவி லெட்சுமி எதிர்பார்த்தது சேலை. மூன்று நாளாக என்னோடு பேச்சில்லை, நான்தான் கேட்டு வாங்கினது மாதிரி.

ஐயா தோட்டத்து ஆபிசிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருஷம். சொந்த ஊர் யாழ்ப்பாணம், வீடு இங்கே ஹாலிஎலையில். ஞாயிறு தவறாமல் சவரம். மீசை மட்டும் அவரே வெட்டுவார், என்னை நம்பமாட்டார்.

நுரை போடும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. இந்தச் சலூனுக்குள்ளே தெமோதரை ரயில் சுற்றைக் கட்டப் போகிறேன் என்றேன். ஸ்டேஷனுக்கு அடியில் நுழைந்து, மலையைச் சுற்றி, அதே ஸ்டேஷனுக்கு மேலே வந்து நிற்கும் ரயில். ஐயா சிரித்ததில் நுரை வாய்க்குள் போய்விட்டது.

"அது வெள்ளைக்கார எஞ்சினியர் கட்டினது. அளவு கணக்கு எல்லாம் வேணும். நீர் மூண்டாம் வகுப்பு."

"தலைப்பாவச் சுத்திச் சுத்திக் கட்டுற கங்காணியப் பாத்துத்தான் அந்த வெள்ளைக்காரனுக்கே யோசனை வந்திச்சின்னு சொல்றாங்க."

"அது கதை."

"பக்கத்துக் கடை கம்ப்யூட்டர்ல ரயில் பாதை போடுறதுக்குன்னே ஒண்ணு இருக்குங்கய்யா. அதுல போட்டுப் பாத்துக் கட்டுவேன்."

"சிரைக்கிற கைக்கு என்னத்துக்கு மவுஸ்?"

அந்த நேரம் கத்தி அவர் தொண்டையில் இருந்தது. நான் நல்ல மனுஷன்.

"விஜயதசமிக்கு ஓடும்" என்றேன். "ஓடாட்டி?" என்றார். "என் மீசைய எடுக்கிறேன். ஓடுனா உங்களோடத எடுப்பேன்." "எடும்" என்றார். அதற்குள் பெஞ்சில் வந்து உட்கார்ந்த நாலு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெலிமடை பஸ் போய்ச் சேருவதற்குள் கதை வெலிமடைக்குப் போயிருக்கும்.

செப். 16, செவ்வாய்

நல்ல காற்று. பலகையில் மாட்டின துவாய் ரோட்டுக்குப் போய்விட்டது.

செவ்வாய், வெள்ளி யாரும் முடி வெட்ட வரமாட்டார்கள். ஆக வாரத்தில் இரண்டு நாள் நான் எஞ்சினியர்.

பக்கத்துக் கடை ரிஸ்வானாவுடையது. டெலிபோன், போட்டோ கொப்பி, கம்ப்யூட்டர் ஒன்று. கலா கோல் எடுப்பதும் அங்கேதான். ரயில் புரோகிராம் ஏதோ இங்கிலீஷ் புத்தகத்தோடு சும்மா வந்த சீடியில் இருந்ததாம். சும்மா வந்தது என்பதால் இரண்டு குறை. ஐம்பது துண்டுத் தண்டவாளத்துக்கு மேல் போட விடாது. போட்டதைச் சேர்த்து வைக்கவும் விடாது. மூடினால் போச்சு.

அம்பு மேலே போக வேண்டும் என்று மவுஸைத் தூக்கினேன்.

"அண்ணே, அது பறக்காது. மேசையிலேயே தேய்ங்க."

"தேய்க்கிறதுன்னா முதல்லயே சொல்லு தங்கச்சி, அது நம்ம தொழில்."

நேர்த்துண்டு, வளைந்த துண்டு, எல்லாம் பக்கத்தில் அடுக்கியிருக்கிறது. பிடித்து இழுத்து ஒட்ட வேண்டியதுதான். ஒட்டினால் "டிக்" என்று சத்தம். அந்தச் சத்தத்துக்காகவே இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். எழுத்து எல்லாம் இங்கிலீஷ், அதை ரிஸ்வானா பார்த்துக்கொண்டாள். நிறம் எனக்கு விளங்கும். ஏற்றம் அளவாக இருந்தால் கோடு பச்சை. கூடிவிட்டால் சிவப்பு, ரயில் ஏறாது என்று அர்த்தம்.

லெட்சுமியிடம் கோவில் கூட்டம் என்று சொல்லியிருக்கிறேன்.

செப். 19, வெள்ளி

பழைய கதவு ஒன்றை மேசையாக வைத்துக் கட்டலாம் என்று நினைத்தேன். கதவின் அளவைக் கொடுத்தோம். வட்டம் கதவைவிட்டு வெளியே தொங்குகிறது. வட்டத்தைச் சுருக்கினால் கோடு முழுக்கச் சிவப்பு. சின்ன வட்டம், செங்குத்து ஏற்றம். எப்படித் திருப்பினாலும் சிவப்பு.

நாலாவது தடவை கொஞ்சம் பச்சை தெரிந்தது. கரண்ட் போய்விட்டது.

ரிஸ்வானா: "அண்ணே, மீசைய இப்பவே எடுத்துட்டா விஜயதசமி அன்னைக்கு அவசரம் இருக்காது."

லெட்சுமிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கோவில் கூட்டத்துக்கு வருகிற மற்றவர்கள் யார் யார் என்று கேட்டாள். பெயர் சொன்னேன். அதில் ஒருவர் போன மாசம் செத்துப்போனவர்.

செப். 21, ஞாயிறு

ஐயா வந்தார். கண்ணாடியில் தன் மீசையைப் பார்க்காமல் என்னுடையதைப் பார்த்தார்.

"எப்பிடி, பாதை போட்டாச்சோ?"

"போட்டுக்கிட்டிருக்கேங்க."

"உமக்கு ஏலாது. ஏலாத வேலைக்கு ஏன் போறீர்? அவனவன் தன்ர வேலையைச் செய்தாக் காணும்."

பெஞ்சில் இருந்த ஒருவர், நமுனுகுல பக்கத்து ஆள், தலையை ஆட்டினார். அவர் ஆட்டினதுதான் எனக்குக் கோபம். ஐயா சொல்வது பழகிவிட்டது. ஒன்பது வயதில் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, அப்பாவின் கத்திப் பெட்டியைத் தூக்கவைத்து, தோட்டத்து லயத்து வீடு வீடாக அனுப்பினார்கள். அப்போதும் இதைத்தான் சொன்னார்கள். சொன்னவர்கள் எல்லாரும் மாசத்துக்கு ஒரு தடவை எங்கள் முன்னால் தலையைக் குனிந்துகொண்டுதான் உட்கார்ந்தார்கள். யார் தலை என்றாலும் இந்தக் கைக்குக் கீழேதான் குனியும். கட்டுவேன். சிவப்பு வந்தாலும் கட்டுவேன், நீலம் வந்தாலும் கட்டுவேன்.

மத்தியானம் கலா கோல். "அப்பா, ரயில் ஓடுதா?" "ஓடப் போகுது." "ஓடுறப்ப போனுக்குப் பக்கத்துல வைங்க, நான் கேக்கணும்." சரி என்று சொல்லிவிட்டேன். இப்போது பணயம் மீசை மட்டும் இல்லை, மகளுக்குக் கொடுத்த வாக்கும்.

செப். 23, செவ்வாய்

கண்டுபிடித்தாச்சு!

காலையில் சலூனைக் கூட்டும்போது, நாற்காலியைச் சுற்றி விழுந்த முடியைப் பார்த்தேன். ஞாயிறு விழுந்தது, கூட்டாமல் விட்டது. நல்ல பெரிய வட்டம். விளக்குமாற்றோடு ரிஸ்வானா கடைக்கு ஓடினேன்.

"தங்கச்சி, கதவ விடு. நாற்காலியச் சுத்திப் போடு."

"எந்த நாற்காலி?"

"நம்ம சலூன் நாற்காலி. உக்காந்திருக்கிற ஆளுதான் மலை. கண்ணாடி மேசை ஸ்டேஷன். மேசைக்கு அடியில சுரங்கம். அடியில நுழைஞ்சு, ஆளச் சுத்தி ஏறி, மேசைக்கு மேல வந்து நிக்கணும்."

அவள் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு போட்டோம். நடுவில் வைக்க மரம், வீடு, மாடு எல்லாம் புரோகிராமில் இருக்கிறது. சலூன் நாற்காலி மட்டும் இல்லை. மாதா கோவில் ஒன்று இருந்தது, அதை வைத்தோம்.

முதலில் நூலளவு சிவப்பு. சுரங்கத்தின் உயரத்தைக் குறைத்தால் ஏற்றமும் குறையும் என்றாள். எஞ்சின் உயரம் கேட்டாள். சீப்பை வைத்து அளந்து, சீப்பை அடிமட்டக் கோலில் வைத்துச் சொன்னேன். எஞ்சின் தலைக்கு மேலே ஒரு சுண்டு விரல் இடம் விட்டோம். முழுக்கப் பச்சை. ஐம்பதாவது துண்டில் வட்டம் முடிந்தது.

சேர்த்து வைக்க விடாது, கரண்டையும் நம்ப முடியாது. பட்டம் கட்டுகிற மெல்லிய கடதாசியைத் திரையில் ஒட்டி, வெளிச்சத்தில் தெரிந்த கோட்டை அப்படியே பென்சிலால் எடுத்துக்கொண்டேன். கடைசி வளைவை இழுக்கும்போது கரண்ட் போனது. போகட்டும்.

அக். 3, வெள்ளி

பத்து நாளாக எழுதவில்லை. வேலை.

மரவேலை பாஸ் நாற்காலியைச் சுற்றிப் பலகை அடித்துக் கொடுத்தார். என்ன வேலை என்று தெரிந்ததும் கூலியில் பாதி போதும், ஓடும்போது கூப்பிடு என்றார். ஆள் உள்ளே வர ஒரு துண்டுப் பலகையைத் தூக்கலாம், ரயில்வே கேட் மாதிரி. நானும் உள்ளேதான் நிற்க வேண்டும். வயிறு கொஞ்சம் இடிக்கிறது.

சாயந்தரம் ஓட்டிப் பார்த்தோம். அடியில் நுழைந்தது, சுற்றியது, ஏறியது, மேசைக்கு வந்து பவுடர் டின்னுக்குப் பக்கத்தில் நின்றது. நாலு பெட்டியும் வந்தது. லெட்சுமி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இன்னொரு வாட்டி விடுங்க" என்றாள். இருபது நாளில் என்னோடு பேசின முதல் நல்ல பேச்சு.

அக். 4, சனி

சரஸ்வதி பூஜை. பின்னேரம் இடி, மழை இல்லை.

கத்தி, கத்தரிக்கோல், சீப்பு, மெஷின் எல்லாம் கழுவிப் படத்துக்கு முன்னால். "அதுவும் இந்த வருஷம் தொழில்தானே" என்று லெட்சுமி எஞ்சினையும் கேட்டாள். நானே துடைத்துக் கொடுத்தேன். சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை, திருஷ்டிக்கு முன்னால் கட்டின ஒரு தேசிக்காய். எஞ்சின் மாப்பிள்ளை மாதிரி. பூஜையில் வைத்ததை நாளைக்குத்தான் தொடலாம்.

அக். 5, ஞாயிறு, விஜயதசமி

இன்றைக்கு நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

சலூனில் மூச்சு விட இடமில்லை. ஐயா வேட்டி, விபூதியோடு வந்து நேரே நாற்காலியில் உட்கார்ந்தார். கேட்டை மூடினேன். எஞ்சினை மாலையோடு தூக்கிவந்து தண்டவாளத்தில் வைத்தேன். ரிஸ்வானா வாசலில் வயர் இல்லாத டெலிபோனோடு, லைனில் கலா.

விட்டேன். மேசைக்கு அடியில் போனது. போனது, வரவில்லை. உள்ளே "கிர்ர்ர்" என்று சக்கரம் மட்டும் சுற்றுகிறது.

குனிந்து பார்த்தேன். மாலை. சுண்டு விரல் இடத்தில் செவ்வந்தி மாலை மாட்டிக்கொண்டது. கம்ப்யூட்டருக்கு எஞ்சின் உயரம் சொன்னோம், மாலையைச் சொல்லவில்லை.

பெஞ்சில் சிரிப்பு. மாலையைப் பிடித்து இழுக்கப் போனேன்.

"ஐயோ, எடுக்காதீங்க! சாயந்தரம் விளக்கு வைக்காம பூஜை மாலைய எடுக்கக் கூடாது" என்று லெட்சுமி கத்தினாள்.

"அவ சொல்றது சரி. எடுக்கக் கூடாது" என்றார் ஐயா. பிறகு மீசையைத் தடவிக்கொண்டு, "எண்டாலும் ஓடேல்லை மாரிமுத்து" என்றார்.

"இன்னும் நாள் முடியலைங்க."

"அண்ணே, மேசைய உசத்தலாம்" என்றாள் ரிஸ்வானா. டெலிபோனை லெட்சுமியிடம் கொடுத்துவிட்டுக் கடைக்கு ஓடினாள். வட்டத்தை மறுபடி போட அவளுக்குப் பத்து நிமிஷம், மனப்பாடம். திரும்பி வந்தபோது முகம் சரியில்லை.

"மாலை போற அளவுக்கு உசத்தினா முழுக்கச் சிவப்புண்ணே. ஏறாதாம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"செவப்பப் பாத்துப் பயந்தா நான் எப்பிடித் தொழில் பண்றது?" என்றேன். பவுடர் டின் நாலு எடுத்து மேசைக் கால் நாலுக்கும் கீழே வைத்தேன். பாஸ் மேல் பாதைக்குக் கட்டை கொடுத்தார். நாலு பெட்டியில் இரண்டைக் கழற்றினேன். ஹாலிஎலை ஸ்டேஷனில் பாரம் கூடினால் செய்கிற வேலைதான்.

விட்டேன்.

மாலையோடு நுழைந்து மாலையோடு வெளியே வந்தது. ஐயாவின் இடது கை, முதுகு, வலது கை. ஏற ஏற மெதுவாகிறது. கடைசி வளைவில் சக்கரம் வழுக்குகிறது. நிற்கிறது, வழுக்குகிறது, ஒரு விரல் ஏறுகிறது. ஐயா கழுத்தைத் திருப்பி, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏறு! ஏறடா! இன்னும் கொஞ்சம்!" என்று கத்துகிறார். யார் பக்கம் என்பதே மறந்துவிட்டது மனுஷனுக்கு.

ஏறியது. கண்ணாடி முன்னால் வந்து நின்றது, தேசிக்காயோடு.

டெலிபோனில் கலா அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. "அப்பா, யாரு அது, ஏறு ஏறுன்னு கத்துனது?" "மலைதாம்மா."

ஐயா நாற்காலிக் கையை விட்டு எழுந்தார். பிறகு, "சொன்னாச் சொன்னதுதான். ஆனா ஒருக்கா வீட்டில சொல்லிப்போட்டு நாளைக்கு வாறன். அவ இந்த மீசையோடதான் என்னைக் கட்டினவ" என்றார்.

அக். 6, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. வாங்க வேண்டியது: பிளேட், டெட்டால், லெட்சுமிக்குச் சேலை.

மாலையை எடுத்தாச்சு, டின்னையும் எடுத்தாச்சு. மறுபடி பச்சை. நாலு பெட்டியும்.

ஐயா ஒன்பது மணிக்கு வந்தார். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். "எடும்."

"மலையில மரத்த வெட்டினா மண் சரியுங்கய்யா. மீசை இருக்கட்டும்."

கண்ணைத் திறக்கவில்லை. "மெய்யாவோ?"

"மெய்தாங்க. அந்த மவுஸ் பேச்ச மட்டும் திருப்பி எடுத்துக்கோங்க."

"எடுத்தாச்சு."

புருவம் காடு மாதிரி வளர்ந்திருந்தது. அதையாவது ஓரம் எடுத்துவிடுகிறேன் என்றேன், சரி என்றார். ரயிலையும் விடச் சொன்னார். விட்டேன். வலது புருவத்தில் கத்தியை வைத்தேன். எஞ்சின் சுரங்கத்துக்குள் நுழைந்தது. ஐயா தலையைத் தூக்கி "கூ" என்று கூவினார்.

மீசை அப்படியே இருக்கிறது. வலது புருவம் இல்லை.